கோயிலில் கேட்ட கேள்வி

கருமத்தம்பட்டி
12.6.1994

அன்புள்ள உனக்கு,

கிளாடிஸின் மகனுக்கு இன்று ஞானஸ்நானம் முடிந்தது. ஊருக்குப் பயந்து நீ தாராபுரம் போகுமுன், "நாம தத்தெடுத்த பிள்ளைன்னு சொல்லீருங்க" என்றாயே, அதையே மனப்பாடம் செய்துகொண்டு போனேன்.

"பெத்தவங்க யாருங்க?" என்று சாமியார் கேட்டதும் நான் பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன்.

பின்வரிசையிலிருந்து நம் பதினேழு வயது மகள் கிளாடிஸ் எழுந்து வந்து, ஞானத்தாயின் கையிலிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டாள். "நாந்தானுங்க சாமி."

தகப்பன் பெயரை அவர் கேட்குமுன் நான் அவளருகே போய் நின்றேன். "அம்மாவைப் பெத்த அப்புச்சி நான் இருக்கறனுங்க." என் குரல் கடைசி பெஞ்சுவரைக் கேட்டதாம்.

வெளியே அடுத்த வீட்டு அற்புதம் சிரித்தாள். "உங்க பேரன்னு எங்களுக்குத் தெரியாதுங்களா வாத்தியாரே? மூக்கு அப்படியே உங்களுதுங்க."

இனிச் சொல்லப் பொய் எதுவும் மிச்சமில்லை. அவனுக்கு அம்மா இருக்கிறாள். அவளைப் பெற்ற நீ அம்மாயியாக வா.

இப்படிக்கு,
ஊரறிந்த அப்புச்சி