நாலாவது படிவம்

புரட்டாதி, செவ்வாய்க்கிழமை

இன்று கூட்டத்தில் நான் கையெழுத்து வைக்கவில்லை.

எங்கள் நாரந்தனை மீனவப் பெண்கள் சங்கம், பிடிக்கிற நண்டு பழுதாகாமல் வைக்க ஐஸ் அறை கேட்டு மூன்று முறை விண்ணப்பித்தது. மூன்று முறையும் ஆட்சி மாறியது, கோப்பும் காணாமல் போனது. இன்று யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அதிகாரி நாலாவது படிவத்தை நீட்டினார்.

"புது அமைச்சு அக்கா. முதலிலயிருந்து தொடங்கவேணும்."

"தம்பி, ஒரு அறை கட்ட இஞ்ச ஒருத்தராலயும் முடிவெடுக்க ஏலாதோ?"

"ஏலாது. மாகாணசபைக்குத் தேர்தலே நடக்கேல்லை. எல்லாம் கொழும்பிலதான்."

"கொழும்பில அமைச்சர் கதிரை மாறினா எங்கட நண்டு ஏன் பழுதாகவேணும்?"

பொருளாளர் றீற்றா என் சேலையைப் பிடித்து இழுத்தாள். "தலைவி நீர். கோபத்தில கதையாதையும்."

கோபம்தான். ஆனால் தெரிந்துதான் பேசினேன். என் வீட்டு வளவில் கடற்கரைப் பக்கத் துண்டைத் தருகிறேன், சுவரை நாங்களே கட்டுவோம், யாழ்ப்பாணத்தில் ஐஸ் வாங்கி நிரப்புவோம் என்றேன். சம்மதமானவர்களைக் கையுயர்த்தச் சொன்னேன். எல்லாக் கைகளும் எழுந்தன. றீற்றாவின் கை கடைசியாக எழுந்தது.

அதிகாரியின் முகம் கறுத்தது. "அனுமதி இல்லாமல் கட்டினா இடிப்பினம் அக்கா."

இடிக்கட்டும். அந்த உத்தரவும் கொழும்பிலிருந்துதானே வரவேண்டும். அது வந்து சேருவதற்குள் கூரையே போட்டுவிடுவோம்.

நாளை காலை லொறியில் வரும் கல்லை இறக்க ஆள் சொல்லிவிட்டேன்.