அன்சாரியை வளர்த்த கிளப்

மாப்ளே, நேற்று பேராவூரணி கடைத்தெருவில் என் வண்டி பஞ்சர். கடைக்காரர் டியூபைச் சுரண்டி சொலுஷன் தடவினார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் உன் சைக்கிள் கடைதான் ஞாபகம் வந்தது. வாடிக்கையாளரைக் காக்க வைத்துவிட்டு, நம் ஃபுட்பால் கிளப் பந்தின் பிளாடருக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருப்பாய். "சைக்கிள நாளைக்குக்கூட ஓட்டிக்கலாம் மாப்ள, பந்து சாயங்காலமே வேணும்" என்பாய். நீ போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. வீட்டுக்கு வந்தும் வயல் பக்கம் போகத் தோன்றவில்லை. அலுப்பாக இருந்தது.

தென்னந்தோப்புக்கும் வாய்க்காலுக்கும் நடுவே கிடந்த கட்டாந்தரைதான் நம் மைதானம். நீ விசில் ஊதுவாய், நான் கத்துவேன். பயிற்சி என்றால் அதுதான். ஒருவன் நன்றாக ஆடத் தொடங்கினாலே நம் கண் அவன் மேலுதட்டுக்குத்தான் போகும். மீசை அரும்பியதும் பாஸ்போர்ட் எடுப்பான், அடுத்து விசா வந்துவிடும். கோல் கீப்பரை துபாய்க்கு வழியனுப்பிவிட்டு வந்த வாரமே அவனுக்கு முன்னால் பேக் ஆடியவன் சிங்கப்பூருக்குப் போய்ச் சேர்ந்தான். ஊரில் தளம் போட்ட வீடுகள் எழும்ப எழும்ப, நம் டீம் கரைந்துகொண்டே வந்தது.

அதனால்தானே கிளப்பைப் பதிவு செய்யாமலே விட்டோம். பொங்கலுக்குள் பதினொரு பேர் தேறுவார்களா என்று தெரியாத டீமுக்குப் பதிவு எதற்கு என்றாய். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பக்கத்து டவுன் கிளப்புக்குப் பதிவு இருந்தது. நம் பையன்களின் பெயரை அவர்கள் கணக்கில் எழுதிக் கொடுத்தோம். மாவட்டப் போட்டிக்கு அவர்கள் சட்டையில் ஆடிவிட்டு, மறுநாள் நம் தரையில் வந்து நிற்பார்கள். அன்சாரியும் அப்படித்தான். அரைக்கால் சட்டை வயசிலிருந்து நம்மோடு இருந்தவன், காகிதத்தில் மட்டும் டவுன்காரன்.

அவனை மேற்குக் கடற்கரையில் ஒரு பெரிய கிளப் சம்பளத்துக்கு எடுத்தபோது நீ கடையில் வந்தவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தாய். அப்புறம்தான் அந்த விதி நம் காதுக்கு வந்தது. ஆட்டக்காரனை எடுக்கும் கிளப், சின்ன வயசில் அவனை வளர்த்த கிளப்புக்கு இழப்பீடு தர வேண்டுமாம். "இது நம்மூரு பழக்கந்தானேப்பா, நாத்து வாங்கிட்டுப் போனவன் அறுப்பு முடிஞ்சி நெல்லு கொண்டாந்து போடுற மாதிரி" என்றேன். நீ சிரித்தாய். ஆனால் நெல் போய்ச் சேர்ந்தது டவுன்காரன் வீட்டுக்கு. பதிவு யார் பேரிலோ அவர்களுக்குத்தானே கொடுப்பார்கள். அவர்கள் மைதானத்துக்குச் சுற்றுச்சுவர் கட்டிக்கொண்டார்கள்.

எனக்கு ரத்தம் கொதித்தது. பணம் வராவிட்டால் போகட்டும், அவனை வளர்த்தது நாம் என்று எங்கேயாவது எழுதியிருக்க வேண்டும் என்று குதித்தேன். விசாரித்தபோது, நம்மிடம்தான் ஆடி வளர்ந்தேன் என்று அன்சாரி தன் கையால் எழுதிக் கொடுத்தால் வழி உண்டு என்றார்கள். நீதான் அவனுக்குப் போன் போட்டாய். எஸ்.டி.டி. பூத்துக்குள் ஒரு ஆள்தான் நிற்க முடியும். நான் வெளியே நின்று கண்ணாடி வழியாக உன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெகுநேரம் பேசினாய். வெளியே வந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அவன் எழுதித் தரமாட்டானாம் மாப்ள. விட்டுரு" என்றாய்.

நான் விடவில்லை. டிவியில் அவன் முகம் வந்தால் எழுந்து போனேன். நன்றி கெட்டவன் என்று டீக்கடையில் சொன்னேன், அவனைப் பெத்த அத்தா காதுபடவே சொன்னேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து டீயை ஆற்றிக்கொண்டிருப்பாய்.

உன் மையத்து அடக்கத்துக்கு அன்சாரி வந்திருந்தான். சந்தூக்குப் பெட்டிக்குத் தோள் கொடுத்து கபர்ஸ்தான் வரைக்கும் நடந்தான். எல்லோரும் கலைந்த பிறகு, கேட்டருகே என்னிடம் வந்தான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"அண்ணே, நான் எழுதித் தர்றேன்னுதான் சொன்னேன். அவங்கதான் வேணாம்னுட்டாங்க."

"யாரு?"

"இவங்கதான்" என்று உள்ளே உன் கபர் பக்கம் கை காட்டினான். "எழுதுனா ஒரே நேரத்துல ரெண்டு கிளப்புல ஆடுனேன்னு ஆயிரும், பதிவே பொய்யின்னு உன்னைய நிறுத்திருவாங்க, யாரு கேட்டாலும் டவுன் கிளப்பு பேரையே சொல்லுன்னாங்க. உங்ககிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க. நீங்க கோவத்துல வெளிய கொட்டிருவீங்களாம்."

கொட்டியிருப்பேன், அது உண்மைதான். என்னை நீ தெரிந்துதான் வைத்திருந்தாய். அன்சாரி தோளைப் பிடித்துக்கொண்டேன்.

இப்போது கிளப்பைப் பதிவு செய்துவிட்டேன். நம் பெயரில், முத்திரையோடு. டீமில் தற்சமயம் எட்டுப் பேர், அதிலும் இரண்டு பேர் விசாவுக்குக் காத்திருக்கிறார்கள். உன் பந்துப் பம்பு என்னிடம்தான் இருக்கிறது. வாஷர் போய், அடிக்க அடிக்கக் காற்று பாதி வெளியேதான் போகிறது. மாற்ற மனசில்லாமல் அதையே அடித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்தப் பையனைக் காப்பாற்றினாய், சரி. அத்தனை வருஷம் நான் அவனைத் திட்டத் திட்ட, பக்கத்தில் எப்படியடா உட்கார்ந்திருந்தாய்? என்னிடம் சொல்லியிருக்கலாம் மாப்ளே. பூத்துக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம்தானே நின்றுகொண்டிருந்தேன்.