கம்பவுண்டர் வைரவனும் கடலைத் தோலும்

அண்ணே,

இங்கே தங்குவதற்கான இகாமா அட்டையைப் புதுப்பிக்க வேண்டுமே, அதற்கான மெடிக்கலுக்கு இன்று போயிருந்தேன். நர்ஸம்மா பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து என் கையில் தேய்த்தார். அந்த வாசனை மூக்கில் ஏறியதுமே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊசியை எடுத்துவிட்டு அந்தக் கேரளத்து அம்மா, "வேதனிச்சோ?" என்று கேட்டார் பாருங்கள், அடக்க முடியவில்லை. வயிறு குலுங்கச் சிரித்தேன். ரத்தம் கொடுத்துவிட்டு இப்படிச் சிரிக்கிறவனுக்கு மெடிக்கல் பாஸ் போடலாமா வேண்டாமா என்று அவர் யோசித்திருப்பார். வைரவன் கேட்கிற கேள்வி அது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

உங்கள் பஸ் கதைகளில் வரும் நம் கம்பவுண்டர் வைரவன்! சவுதி ஜுபைலில் எங்கள் கேம்ப் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த எவனுக்கும் அவரைத் தெரியும். சிவகங்கைப் பக்கம் ஒரு சின்ன ஊரில், செயின் கழன்று கழன்று விழும் சைக்கிளில் போய் ஊசி போடும் மனிதர். போலீஸ் கைவிட்ட கொலையை எல்லாம் அவர்தான் கண்டுபிடிப்பார். "ஊசி உள்ள இருக்கயில எவனுக்குடா பொய் வரும்?" என்பீர்கள். கடைசியில் குற்றவாளிக்கு ஊசி போட்டுவிட்டு, "வலிக்கலியே தம்பி?" என்று கேட்பார். அவன் "இல்லீங்க ஐயா" என்பான். அடுத்த மூச்சில் எல்லாவற்றையும் கொட்டிவிடுவான்.

கேம்பிலிருந்து பிளான்ட் கேட் வரைக்கும் கதை. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்து நிற்பீர்கள். கதவு தட்டும் சத்தத்துக்கு ஹெல்மெட்டைத் தட்டுவீர்கள். ஃபிட்டர் ஃபோர்மேனான உங்களுக்கு இந்த வித்தையெல்லாம் எங்கிருந்து வந்ததோ! கேட்டில் செக்யூரிட்டி கையைக் காட்டும் இடத்தில் கரெக்டாகக் கதையை நிறுத்துவீர்கள். பஸ்ஸே திட்டும். டிரைவர் கான் பாய் பெஷாவர்காரர், தமிழ் ஒரு அட்சரம் தெரியாது. பின் சீட்டு முனியசாமியைச் சாயங்காலம் இந்தியில் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொள்வார். ஆனால் 'வைரவன்' என்ற பெயர் காதில் விழுந்தால் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலைத் தளர்த்துவார். கதை சூடாக இருந்தால் பஸ் ஊரும், சப்பென்று இருந்தால் பறக்கும். உங்கள் காலத்தில் நாங்கள் தினமும் கேட்டுக்குக் கடைசியாகத்தான் போய்ச் சேருவோம்.

அது கிடக்கட்டும். உங்கள் கதைகளில் பெரிய ருசியே குற்றவாளிதான். எங்களில் ஒருவனைத்தான் எடுப்பீர்கள். பெயரை மாற்றிவிடுவீர்கள், பழக்கத்தை மாற்ற மாட்டீர்கள். குறட்டை விடுகிறவன், டீயில் ஆடையை விரலால் எடுத்துப் போடுகிறவன், பேசும்போது காதைக் குடைகிறவன் என்று ஒவ்வொருவனாக மாட்டினான். முனியசாமி கொலைகாரன் ஆன அன்று பூஃபியா டீக்கடையில் பஸ்ஸுக்கே டீ வாங்கிக் கொடுத்தார், மாப்பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. ஒரே ஒரு சட்டம். யார் மேல் கதை போகிறதோ அவனிடம் மட்டும் ஒருத்தரும் வாயைத் திறக்கக் கூடாது. "அவனைய அவனே கண்டுபுடிக்கிற அன்னிக்கித்தான்டா கதைக்கு உப்பு" என்பீர்கள்.

உங்கள் பக்கத்து சீட்டு எனக்கு. எத்தனை வருடம் கெஞ்சியிருப்பேன்!

"என்னைய ஒருவாட்டி கொலைகாரனா போடுங்கண்ணே."

"ஒனக்கு அந்த மூஞ்சி இல்லடா செல்வம்."

"திருடனாவாச்சும் போடுங்க."

"ஜெயிலுக்குப் போயிட்டின்னா பக்கத்து சீட்ல நான் யாரோட சண்டை போடுறது?"

எனக்கு உண்மையிலேயே கோபம் வரும். நேற்று வந்தவனெல்லாம் கொலை செய்துவிட்டுப் போகிறான், எனக்கு ஒரு பிக்பாக்கெட் வேடம்கூட இல்லையா?

அது கிடக்கட்டும். நீங்கள் லீவுக்குப் போன காலை நினைவிருக்கிறது. சினிமா கொட்டகை முதலாளி செத்துக் கிடந்த கேஸ். கொலைகாரனைப் பற்றி நமக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அவன் வேர்க்கடலையை ஒவ்வொன்றாகத் தோல் உரித்துத்தான் தின்பான், முதலாளி மேஜைமேல் சிவப்புத் தோல் குவிந்து கிடந்தது. செருப்பை மாட்டும்முன் உள்ளே தேள் இருக்குமோ என்று தலைகீழாகத் தட்டுவான். கொட்டகை வாசலில் முறுக்கு விற்கும் அம்மா சொன்னாள்: "எதக் கேட்டாலும் அது கெடக்கட்டும், அது கெடக்கட்டும்னு பேச்ச மாத்துவான் சாமி." வைரவன் ஊசியை நிமிர்த்திக் காற்றை வெளியே தள்ளினார். "வாங்க தம்பி, சட்டைக் கைய சுருட்டுங்க" என்றார். யாரைப் பார்த்து? பஸ் கேட்டில் நின்றது.

"கலாஸ்! இன்னிக்கி இவ்வளவுதான், மிச்சம் லீவு முடிஞ்சு வந்து" என்று இறங்கினீர்கள். முனியசாமி கிளவுஸைக் கழற்றி உங்கள் முதுகில் எறிந்தார். நீங்கள் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள்.

ஊருக்குப் போய் ஒரு வாரம்கூட ஆகவில்லை. நெஞ்சு வலி என்றீர்களாம், ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டவில்லையாம். போனில் சேதி வந்த அன்று எனக்கு நைட் டியூட்டி. அழுதேன் அண்ணே, ஒளிக்க என்ன இருக்கிறது?

அதற்குப் பிறகு பஸ்ஸில் ஆளுக்கொரு இயர்போன். கான் பாய் பறந்தார். எல்லாருக்கும் முன்னால் கேட்டுக்குப் போய் வெயிலில் நின்றோம். உங்கள் கம்பியை யாரும் பிடிக்கவில்லை. நீங்கள் போனதோடு வைரவனும் போய்விடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. அவருக்காவது சாவு வராமல் இருக்கட்டுமே என்று தோன்றியது.

ஒருநாள் முனியசாமிதான் ஆரம்பித்தார். "ஏப்பா செல்வம், பக்கத்துலயே ஒக்காந்திருந்தவன் நீ. கொலைகாரன் யாருன்னு ஒனக்குத் தெரியாதா? எந்திரிச்சு சொல்லு." பஸ்ஸே என்னைப் பார்த்தது. நீங்கள் என்னிடம் ரகசியமாகச் சொல்லியிருப்பீர்கள் என்று நம்புகிறார்கள் போல என்று நினைத்தேன். எழுந்து கம்பியைப் பிடித்தேன்.

முதல் நாள் சொதப்பல். வைரவனுக்கு ஒரு புல்லட் மோட்டார்சைக்கிளும் இடுப்பில் ஒரு துப்பாக்கியும் கொடுத்துத் தொலைத்தேன்.

"எங்காளு எப்படா புல்லட் வாங்குனாரு?" என்றார் முனியசாமி. "சைக்கிள் செயின மாட்டத் தெரியாத மனுசன்டா அவரு!"

கான் பாய் வேகத்தைக் கூட்டினார். என் வாழ்க்கையில் அவ்வளவு சீக்கிரம் நான் டியூட்டிக்குப் போனதில்லை.

சரி, புதிதாக எதையும் கட்ட வேண்டாம், அண்ணன் யாரை மனதில் வைத்தார் என்று கண்டுபிடித்தால் போதும் என்று துப்பறியக் கிளம்பினேன். எனக்குச் சந்தேகம் முனியசாமி மேல்தான். ஒரு தடவை மாட்டினவன் மறுபடியும் மாட்ட மாட்டான் என்று யாரும் நினைப்பார்கள், அதனால் அண்ணன் வேண்டுமென்றே செய்திருப்பார் என்று என் மூளை சொன்னது. பக்காலா மளிகைக் கடையில் ஒரு பெரிய பொட்டலம் வறுத்த கடலை வாங்கினேன். மறுநாள் காலை பஸ்ஸில் ஆளுக்கு ஒரு கை அள்ளிக் கொடுத்துவிட்டு, நடுவில் நின்று ஒவ்வொருத்தன் கையாகப் பார்த்தேன். முனியசாமி தோலோடு வாயில் போட்டார். அவர் பக்கத்தில் இருந்தவனும் அப்படியே. முன் சீட்டு, பின் சீட்டு, ஒருவன்கூட உரிக்கவில்லை. எல்லாரும் மென்றுகொண்டே என்னையே பார்த்தார்கள். சிலருக்குத் தோள் குலுங்கியது.

"ஏன்டா சிரிக்கிறீங்க? இந்த பஸ்ல எவன்டா தோல உரிச்சுத் திங்கிறவன்?" என்று கத்தினேன்.

கான் பாயால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. கண்ணாடியில் என்னைப் பார்த்து, "அரே செல்வம் பாய், அப்னா ஹாத் தேகோ!" என்றார்.

என் கையைப் பார்த்தேன். உள்ளங்கை நிறையச் சிவப்புத் தோல்.

பஸ் வெடித்தது அண்ணே! முனியசாமி சீட்டிலிருந்து சரிந்து கீழே உட்கார்ந்துவிட்டார். "அண்ணன் லீவுக்குப் போறதுக்கு முந்தியே கொலைகாரன் நீதான்னு எங்களுக்குத் தெரியும்டா, அவர்ட்டயே சொன்னோம். வாயத் தொறந்தீங்க, கொன்னுபுடுவேன்னாரு. நீ எப்பத்தான்டா கண்டுபுடிப்பேன்னு காத்துக் கெடந்து எங்களுக்கு வயிறே வீங்கிப்போச்சு!"

"அது கெடக்கட்டும்..." என்று ஏதோ சொல்ல வந்தேன். மறுபடியும் வெடித்தது. அந்த வார்த்தையை நான் சொல்கிறேன் என்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். இந்த மடலிலேயே எத்தனை இடத்தில் எழுதினேனோ. ஷூவைத் தட்டுவதும் நான்தானாம். என்னை எனக்கே தெரியாமல் இத்தனை வருடம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறீர்கள். மூஞ்சி இல்லை, மூஞ்சி இல்லை என்று சொல்லிக்கொண்டே! அன்று இறங்கும்போது என்னைப் பார்த்து ஏன் சிரித்தீர்கள் என்று அப்போது புரிந்தது.

மறுநாள் எழுந்து நின்றேன். துப்பாக்கி இல்லை, புல்லட் இல்லை. வைரவன் வந்தார், சைக்கிளை ஸ்டாண்ட் போட்டார், அது சாய்ந்தது. ஸ்பிரிட் பஞ்சை எடுத்தார். நான் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டேன். கதைக்காக இல்லை, நிஜமாகவே சுருட்டினேன். பஸ் ஊர ஆரம்பித்தது. பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடித்தன, கான் பாய் அசையவில்லை.

"வலிக்கலியே தம்பி?"

உங்கள் குரலிலேயே கேட்டேன். "இல்லீங்க ஐயா" என்று நான் சொல்ல வேண்டும். எல்லாக் குற்றவாளியும் அப்படித்தான் சொல்வான்.

"வலிக்குதுண்ணே" என்றேன்.

வைரவனை ஒருத்தரும் அண்ணே என்று கூப்பிட்டது கிடையாது. சைக்கிளின் நிறம் மாறினால்கூட எகிறுகிற பஸ் அது. அன்று ஒருவனும் திருத்தவில்லை.

கேட்டுக்குக் கடைசியாகப் போய்ச் சேர்ந்தோம். சூப்பர்வைசர் கத்தினார், நாங்கள் சிரித்துக்கொண்டே இறங்கினோம். சாயங்காலம் பூஃபியாவில் பஸ்ஸுக்கே என் டீ. முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நானும் மாப்பிள்ளை மாதிரிதான் நின்றேன்.

இப்போது தினமும் அந்தக் கம்பி என் கையில். உங்கள் அளவுக்கு வராது, ஹெல்மெட்டைத் தட்டினால் கதவு மாதிரி கேட்பதில்லை என்று முனியசாமி இன்னமும் குறை சொல்கிறார். ஆனால் கதையில் ஜெயிலுக்குப் போன பிறகும் பக்கத்து சீட்டில் நீங்கள் இருப்பதாகவே நினைத்துக்கொண்டு, நேற்று வந்தவனின் கையை, நடையை, வாயில் ஒட்டிக்கொண்ட வார்த்தையைப் பார்க்கிறேன். மனிதர்களை இப்படிப் பிரியமாகப் பார்க்க நீங்கள்தான் என்னைப் பழக்கிவிட்டுப் போயிருக்கிறீர்கள்.

புது கேஸ் ஆரம்பித்தாயிற்று. ரைஸ் மில்லில் கொலை. கொலைகாரன் வண்டி ஓட்டுகிறவன். கதை கேட்டால் போதும், கால் தானாகத் தளர்ந்துவிடும். முனியசாமி இந்தியில் சொல்லும்போதெல்லாம் கான் பாய், "யார் அந்த மடையன்? எனக்குத் தெரிந்தவனா?" என்று ஆவலாகக் கேட்கிறார். பஸ்ஸில் எல்லாருக்கும் தெரியும்.

சட்டம் ஞாபகம் இருக்கிறதல்லவா? நீங்களும் வாயைத் திறக்கக் கூடாது அண்ணே.

உங்கள் பக்கத்து சீட்டு,
செல்வம்