வாயாடியின் சம்மதம்

நம் வாயாடியின் அப்பாவுக்கு,

நாங்கள் இருவரும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது, பழக்க தோஷம். இந்த முறை அப்படி எழுத மனம் வரவில்லை. நீங்களாவது நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? வெல்டிங் புகையில் இருமல் விடவே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்ததிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை.

போனில் பேசலாம் என்றால் உங்கள் அறையில் எந்நேரமும் ஆள் இருக்கிறது. இந்தப் பேச்சை எடுத்தாலே நீங்களும் சிக்னல் இல்லை என்று வைத்துவிடுகிறீர்கள். எனக்கு மட்டும் சிக்னல் எப்படித்தான் கிடைக்கிறதோ!

தையல் கூடத்தில் பள்ளிச் சீருடை மலையாகக் குவிந்து கிடக்கிறது. அரை நாள் லீவு கேட்டாலே மேற்பார்வையாளர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார். மகளுக்கு இரத்த சோகை என்று அவரிடம் சொல்லிச் சொல்லி எனக்கே அது நிஜம் போல ஆகிவிட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். அவள் சாப்பிடும் மாத்திரைக்கு இப்போது கிருமி கட்டுப்படவில்லை, ஏறிக்கொண்டே போகிறது என்றார் டாக்டர். பிள்ளைகளுக்கான புது மாத்திரை ஒன்றை வைத்து அந்த ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சி நடக்கிறது. அதில் சேர்ந்தால்தான் அந்த மாத்திரை கிடைக்கும். உடனே கையெழுத்துப் போட்டேன். அது போதாதாம். தனக்கு என்ன நோய், எதற்கு இந்த ஆராய்ச்சி என்று அவளே தன் வாயால் விளக்கி, சரி என்று சொன்னால்தான் சேர்ப்பார்களாம். பெற்றவள் பேச்சுக்கு இங்கே மதிப்பே இல்லையா என்று சத்தம் போட்டேன். ஆலோசனை அறையில் இருக்கும் அக்கா, "முழுங்கப் போறது அவதானேம்மா" என்று முடித்துவிட்டார்.

என் புத்தியைப் பாருங்கள். நோயின் பெயரை மட்டும் விட்டுவிட்டு, மற்றதையெல்லாம் வாய்ப்பாடு மாதிரி அவளுக்குச் சொல்லிக்கொடுத்துக் கூட்டிப் போனேன். அவளும் கையைக் கட்டிக்கொண்டு, "என் ரத்தத்துல கிருமி இருக்கு, புது மாத்திரை அதை அடக்குதான்னு பார்ப்பாங்க, எனக்கு முழு சம்மதம்" என்று மூச்சு விடாமல் ஒப்பித்தாள். அந்தக் கிருமிக்குப் பெயர் என்ன என்று அக்கா கேட்டார். வாயாடி என்னைத் திரும்பிப் பார்த்து, "அதை நீ சொல்லித் தரவே இல்லையேம்மா" என்றாள். அக்கா பேனாவை மூடிவிட்டார். "இது சம்மதம் இல்லம்மா, மனப்பாடம்" என்றார்.

அவரே சொல்வதாகத்தான் சொன்னார். நான் விடவில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு நானே சொன்னேன், எச்.ஐ.வி. என்று. அவளுக்கு அந்தப் பெயர் தெரிந்திருந்தது. "அது கெட்டவங்களுக்குத்தானே வரும்? நான் என்ன பண்ணேன்?" என்று கேட்டாள். நீ ஒன்றும் செய்யவில்லை, யாரும் கெட்டவர்கள் இல்லை, நீ வயிற்றில் இருந்தபோதே என்னிடமிருந்து வந்தது என்றேன். நானும் அதே கிருமிக்குத்தான் மாத்திரை போடுகிறேன் என்றும் சொன்னேன். "உனக்கு யார்கிட்டேர்ந்து வந்துச்சு?" என்றாள். நான் அவள் பின்னலை அவிழ்த்து மறுபடி பின்ன ஆரம்பித்தேன். அவளும் மறுபடி கேட்கவில்லை.

அன்றிலிருந்து வாயாடிக்கு வாயே இல்லை. தன் தட்டைத் தனியாக எடுத்து வைக்கிறாள். தட்டிலும் தம்ளரிலும் இது ஒட்டாதடி என்று கத்தினேன், பிறகு அழுதேன். பாயையும் சுவரோரம் தள்ளிப் போட்டுக்கொள்கிறாள்.

நேற்று மறுபடி கூப்பிட்டார்கள். இந்த முறை எல்லாவற்றையும் தன் சொந்த வார்த்தையில் சொன்னாள், நோயின் பெயர் உட்பட. சேருகிறாயா என்று அக்கா கேட்டதற்கு, "அப்பாவும் மாத்திரை போடுறாரான்னு தெரியணும். அவர் போட்டா நானும் சேர்றேன்" என்றாள். அப்பா விஷயம் வேறு, உன் விஷயம் வேறு என்று அக்கா எவ்வளவோ எடுத்துச் சொன்னார். அசைந்து கொடுக்கவில்லை. அந்தப் பிடிவாதம் யாருடையது என்று உங்களுக்கே தெரியும். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு உரிமை உண்டு, கட்டாயப்படுத்த மாட்டோம் என்கிறார்கள். மாதக் கடைசியோடு சேர்க்கையை முடித்துவிடுவார்களாம்.

முன்பு அவளுக்குக் காய்ச்சல் விடாமல் அடித்து, எங்கள் இருவருக்கும் இரத்தம் பார்த்த சமயத்தில் உங்களையும் வரச் சொன்னார்கள். "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்று ஊரைவிட்டுப் போனீர்கள். யார், எங்கே, எப்போது என்று அன்றும் நான் கேட்கவில்லை. கோபம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் சண்டை போட இப்போது எனக்குத் தெம்பு இல்லை.

அப்பாவும் போடுகிறார் என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் இன்றைக்கே சரி என்பாள். நேற்று பஸ்ஸில் வரும்போது அது நாக்கு நுனிவரை வந்தது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்ல முடியவில்லை. அவளிடம் இன்னொரு பொய் சொல்ல என்னால் ஆகாது.

உங்கள் ஊரிலும் இரத்தம் பார்க்கும் இடம் இருக்கும். போய்ப் பாருங்கள். என்ன வந்தாலும் எனக்கு எழுத வேண்டாம், அவளைக் கூப்பிட்டு நீங்களே சொல்லுங்கள். நீங்கள் நன்றாக இருக்க வேண்டும். அவள் சரி என்று சொல்லும்போது, அது நிஜமான சரியாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மகளைப் பெற்றவள்