கிழக்குப் பக்கத்துச் சாக்குகள்

பெருங்களத்தூர்
14.3.1991

திரு. துளசிங்கம் அவர்களுக்கு,

உங்கள் கோழிப்பண்ணைக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான். கூப்பிட்டால் கேட்கும். ஆனாலும் எழுதுகிறேன், பேசினால் பாதியில் சிரிப்பீர்கள்.

விடியற்காலை உங்கள் கொட்டகையைப் பெருக்கிவிட்டு, பதினோரு மணிக்கு என் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் பொன்னியம்மாளைக் காசநோய் என்று சொல்லித் திங்கட்கிழமை நிறுத்திவிட்டீர்களாம். நீங்கள் எப்போது டாக்டரானீர்கள்? தாம்பரத்துக்கு நானே அழைத்துப்போனேன். சளியிலும் இல்லை, எக்ஸ்ரேயிலும் இல்லை. ஞாயிறு லீவில் மூச்சு சீராக இருக்கிறது, திங்கள் சாயங்காலம் காய்ச்சலும் இழுப்பும் வந்துவிடுகிறது என்று அவள் சொன்னதும் டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். உமி, காய்ந்த எச்சம், இறகுத் தூள், அதில் வளரும் கிருமி, கிருமி செத்தாலும் சாகாத அதன் நஞ்சு, இவைதான் காரணம் என்றார். காற்றோட்டமில்லாத கொட்டகையில் ஆறு மணி நேரம் அதைத்தான் சுவாசித்திருக்கிறாள்.

இரண்டாயிரம் கோழிகளுக்குப் பார்த்துப் பார்த்துத் தீவனம் வைக்கிறீர்கள். ஒரு மனுஷிக்குக் காற்று விட மனமில்லையா? வெட்கமாக இல்லை?

இப்படிக்கு,
வேதா ராஜகோபால்


16.3.1991

மரியாதைக்குரிய அம்மா,

வணக்கம். கடுதாசியை ரெண்டு தடவை படித்தேன். உங்களைப்போல எழுத எனக்கு வராது.

கொட்டகைக்கு நாலு பக்கமும் கம்பி வலைதான் அடித்தேன். கிழக்கே கடல் காற்று அப்படியே உள்ளே வரும். எண்பத்தொன்பதில் நாற்றம், ஈ என்று பஞ்சாயத்தில் மனு கொடுத்தது நீங்கதான். உங்க வீடு இருக்கிற அந்தக் கிழக்குப் பக்கம் சாக்குத் தைத்து மூடணும், தரையில் தண்ணி படவே கூடாது, தினமும் காயக் காயப் பெருக்கணும். எல்லாம் அதில் நீங்க கேட்டது, கீழே உங்க கையெழுத்து. நகல் இதோடு வைத்திருக்கிறேன். ரெண்டு வருஷமாகச் சாக்கை ஒருநாள் அவிழ்த்ததில்லை.

காசநோய் என்றது என் தப்பு. அவள் இருமியதைப் பார்த்துப் பயந்துட்டேன். மீதி வெட்கம் யாருக்குன்னு நீங்களே சொல்லுங்கம்மா.

துளசிங்கம்


18.3.1991

துளசிங்கம் அவர்களுக்கு,

நகலைப் படித்தேன். என் எழுத்துத்தான். கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள் நான். கையெழுத்திட்டதை இல்லையென்று சொல்லமாட்டேன். ஒரு காற்புள்ளிகூடத் தப்பில்லை.

பொன்னியம்மாளிடம் கேட்டேன், உனக்கு இது தெரியுமா என்று.

“தெரியாம இன்னாம்மா? அந்த மனுவை எடுத்துகினு போயி ஆபீசுல குடுத்ததே நான்தானே.”

“பிறகு ஏன் சொல்லவில்லை?”

“உங்ககிட்டயா? நல்லா சொன்னேன் போ! அந்த வேலையோட இந்த வேலையும் பூடும்.”

இரண்டு வருஷம் அந்தப் பயத்தோடு என் பாத்திரங்களைத் தேய்த்திருக்கிறாள். உங்கள்மேல் இருந்த கோபத்தை எங்கே கொண்டு வைப்பதென்று தெரியவில்லை.

இன்று காலை உங்களைக் கேட்காமல் உள்ளே வந்து, கிழக்குப் பக்கத்துச் சாக்குகள் பதினொன்றையும் என் தையல் கத்தரிக்கோலால் அறுத்தேன். இரண்டு வருஷத் தூசி என் தலையில்தான் கொட்டியது. புகார் கொடுப்பதென்றால் கொடுங்கள். என் மனுவைத் திரும்பப் பெற்றுவிட்டேன். இனி யார் பெருக்கினாலும் தண்ணீர் தெளித்துப் பெருக்கட்டும். பொன்னியம்மாள் உள்ளே வரமாட்டாள். வெளியே மரத்தடியில் முட்டை அடுக்குவாள், அதே கூலிக்கு. இது வேண்டுகோள் அல்ல.

நாற்றம் சமையலறைவரை வந்துவிட்டது. அவள் ஜன்னலைச் சாத்தப் போனாள். தொடாதே என்றேன்.

வேதா ராஜகோபால்