ஜப்பான் ஓவனும் பத்து மக்ரூனும்

நவ. 3, திங்கள்

கா. 6 முதல் தூறல். வாடைக்காற்று. கொடியில் போட்ட சட்டை மூன்று நாளாக ஈரம்.

இன்று ஓவன் மேல் கிடந்த பூப்போட்ட துணியை எடுத்தேன். ஓவன், ஏழு வருஷம் முன்பு ஜப்பானில் நகோயா துறைமுகத்தில் பழைய சாமான் கடையில் வாங்கியது. தூக்கிக்கொண்டு கப்பல் ஏணி ஏறி, முதுகு பிடித்தது இன்னும் ஞாபகம். அதிலிருந்து ஹாலில் டிவி பக்கத்தில். விருந்தாளி வந்தால் என் வீட்டுக்காரி பிலோமி அதன் கதவைத் திறந்து லைட்டைக் காட்டுவாள். "ஜப்பான்." அவ்வளவுதான். ஒரு பன் கூடச் சுட்டதில்லை.

உள்ளே இருந்தவை: ரேஷன் கார்டு, பாஸ்புக், மகள் ஜெனியின் ஞானஸ்நானச் சான்று, கல்யாண ஆல்பம், என் அம்மாவின் ஜெபமாலை.

"அதுக்குள்ளதாங்க எலி போகாது. இப்ப இதெல்லாம் எங்கன கொண்டு வைக்க?" என்றாள் பிலோமி. பிறகு அவளே, "ஒங்க கப்பல் பெட்டியில வச்சிருதேன். இனி அது சும்மாத்தான கெடக்கும்" என்றாள். நல்ல யோசனைதான். எனக்கென்னவோ சுருக்கென்றது.

விஷயம் இதுதான். பதினெட்டு வருஷம் கப்பலில் சமையல். போதும். ஜெனிக்கு வயது பதினாலு. அவள் பிறந்தபின் நான் வீட்டில் இருந்த நாளையெல்லாம் கூட்டினால் நாலு வருஷம் தேறாது. இங்கே ஒரு பேக்கரியில் மக்ரூன் மாஸ்டர் வேலை காலி. முதலாளி அண்ணாச்சியைப் போய்ப் பார்த்தேன்.

"கப்பல்ல ஆயிரம் செஞ்சிருப்பீரு. எனக்கு மக்ரூன் வேணும். ஒம்ம வீட்டுல ஒம்ம கையால பத்து போட்டு, சனிக்கிழம சாயங்காலத்துக்குள்ள கொண்டாரும். நல்லாருந்தா திங்கக்கிழம வந்து சேரும்."

இங்கேயே போட்டுக் காட்டட்டுமா என்று கேட்டதற்கு முகம் மாறிவிட்டது. "எங்க பட்டறைக்குள்ள வெளியாள விட மாட்டோம்வே. அளவு வெளிய போயிரும்." தூத்துக்குடியில் மக்ரூன் அளவைக் கேட்பதும் ஒருத்தன் சம்பளத்தைக் கேட்பதும் ஒன்று.

முட்டை ஒரு டஜன், முந்திரி, சீனி வாங்கியாயிற்று. மா. 4 மணிக்கு ஓவனைப் போட்டேன். லைட் எரிந்தது. விசிறி ஓடியது. நேரம் குறைந்துகொண்டே வந்து மணியும் அடித்தது. கையை உள்ளே விட்டேன். ஜில்லென்று இருந்தது.

நவ. 4, செவ்வாய்

மழை. பார்த்தவை:

1. பிளக். சரி.
2. நூறு வோல்ட்டுக்கு இறக்கும் டிரான்ஸ்ஃபார்மர் பெட்டி. சரி. மீட்டர் வைத்தும் பார்த்தேன்.
3. கதவு ரப்பர். சரி. ஒரு கரப்பான் பூச்சி குடும்பம். காலி.
4. பொத்தான்கள். எல்லாம் ஜப்பான் எழுத்து. பதினேழு. எல்லாவற்றையும் அழுத்தினேன். ஒன்று மட்டும் பாட்டுப் பாடியது.
5. மாதாவிடம் வேண்டுதல். பதில் இல்லை.

பின்னால் திறக்கப் பயம். கப்பலில் சமையல்கட்டு ஓவன் கெட்டால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுவேன், வருவான், ஒரு டீ, சரியாகிவிடும். இங்கே நான்தான் குக், நான்தான் எலெக்ட்ரீஷியன், நான்தான் கேப்டன்.

பி. மூன்று தடவை குறுக்கே வந்தாள். மூன்று தடவையும் "நீங்க இருங்க, நீங்க இருங்க" என்று சுற்றிப் போனாள். ஆஸ்பத்திரியில் பார்க்க வந்தவர்களிடம் சொல்வது போல.

நவ. 5, புதன்

வெயில் எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவிட்டது.

மெக்கானிக் இசக்கி வந்தான். மிக்ஸி, கிரைண்டர், ஏசி எல்லாம் பார்ப்பவன். பின் தகட்டைக் கழற்றினான். நான் டார்ச் பிடித்தேன்.

"காயில் நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி."

"அப்ப ஏன் சூடு வரல?"

"உப்புக்காத்துலா. போர்ட தின்னுருக்கும்."

"போர்டு பளபளன்னு இருக்கேடே."

"உள்ளுக்குள்ள தின்னுருக்கும்."

இந்த ஊரில் சைக்கிள் செயின் அறுந்தாலும் உப்புக்காற்று, மாமியார் மருமகள் சண்டை போட்டாலும் உப்புக்காற்று. வேறு போர்டு கிடைக்குமா? "ஜப்பான்லதான் கேக்கணும் அண்ணாச்சி. நீங்கதான் போறவர்லா, அடுத்த தடவ வாங்கிட்டு வாங்க." நான் இனிப் போகவில்லை என்றேன். சிரித்தான். ஜோக் என்று நினைத்துவிட்டான்.

வேறு ஓவன் விசாரித்தேன். எதிர்வீட்டு ரோசம்மா அக்காவுடையது மகள் பிரசவத்தோடு நாகர்கோவில் போய்விட்டது. மச்சினி வீட்டில் இருப்பது வெறும் மைக்ரோ. அதில் வைத்தால் மக்ரூன் ரப்பராகிவிடும். புதிதாக ஒன்று வாங்கலாம். வேலை கிடைக்குமா என்றே தெரியாதவன் எந்த முகத்தோடு பி.யிடம் கேட்பது?

மா. 6. ஜெனி மாடிப்படியில் உட்கார்ந்து தோழியிடம் ஃபோனில்: "எங்கப்பா ஃபோன்லன்னா சூப்பரா பேசுவாவடி. நேருல ஒண்ணும் பேச மாட்டாவ. எதையாவது நோண்டிக்கிட்டே இருப்பாவ."

கையில் ஸ்க்ரூ டிரைவர் இருந்தது. கீழே வைத்தேன். படியேறிப் போய் ஏதாவது பேசலாம் என்று நினைத்தேன். என்ன பேசுவது என்று தெரியவில்லை. சொந்த மகள். மறுபடி ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டேன்.

நவ. 6, வியாழன்

மழை. தெருவில் கணுக்கால் தண்ணீர்.

ஓவன் திரையின் ஓரத்தில் பொடியாக இரண்டு எழுத்து. எப்போதும் இருக்கிறது, எதை அழுத்தினாலும் போவதில்லை. ஜெனி அவள் ஃபோன் கேமராவைக் காட்டி மொழிபெயர்த்தாள். "கடை முன்பு" என்று வந்தது.

"எப்பா, கடைக்கு முன்னால வச்சு சுடணுமாம்!"

சிரித்தோம். மூன்று பேரும். இந்த லீவில் மூன்று பேரும் சேர்ந்து சிரித்தது இதுதான் முதல் தடவை. அரை நிமிஷம். பிறகு அவள் டியூஷனுக்குப் போய்விட்டாள்.

எழுத்தைப் படம் எடுத்து ரொமெலுக்கு அனுப்பினேன். போன கப்பலில் என்னோடு இருந்த பிலிப்பினோ, ஜப்பானில் பெண் கட்டியவன். ஒரு டிக்தான் விழுந்தது. நடுக்கடலில் இருப்பான். சிக்னல் கிடையாது.

சென்னை ஏஜெண்ட் ஃபோன். பல்க் கேரியர் சரக்குக் கப்பல், ஒன்பது மாசம், 14ஆம் தேதி ஏற வேண்டும். நாளை மாலை 5க்குள் சொல்லாவிட்டால் வேறு ஆளாம். யோசிக்கிறேன் என்றேன். "பதினெட்டு வருஷமா யோசிக்காம போனீங்க சார், இப்ப என்ன?"

நவ. 7, வெள்ளி

மழை இல்லை. காற்றும் இல்லை. புழுக்கம்.

ஓவன்: லைட், விசிறி, மணி. ஜில். காலையிலிருந்து ஒன்பது தடவை. வெள்ளைக்கருவை அடித்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன், ஏதோ அதைப் பார்த்து இரக்கப்படும் என்பது போல. நுரை கிண்ணத்தைக் கவிழ்த்தாலும் விழாத பதம். நானே மெச்சிக்கொண்டேன். பதினோரு மணிக்குத் தண்ணீர் விட்டுவிட்டது. கொட்டினேன்.

பேக்கரி அண்ணாச்சிக்கு ஃபோன் போட்டேன். ரெண்டு நாள் தவணை கேட்டேன். "நாளைக்குச் சாயங்காலம்னா சாயங்காலந்தான். காயல்பட்டினத்துலேர்ந்து ஒருத்தரு நேத்தே கொண்டாந்து குடுத்துட்டாரு. நல்லாத்தான் இருந்துச்சு. ஒம்மதயும் பாத்துட்டுச் சொல்லலாம்னு இருக்கேன்."

மா. 4.40. ஏஜெண்டுக்குச் சரி என்று சொல்லிவிட்டேன். எவ்வளவு முட்டாள்தனம் என்று தெரிந்துதான் சொன்னேன்.

பி.யிடம் சொன்னேன். அவள் முகத்தில் வந்ததை என்ன சொல்ல. அழுகை என்று எதிர்பார்த்தேன். பள்ளிக்கூடம் லீவு விட்ட பிள்ளை முகம். உடனே அடக்கிக்கொண்டாள். "அய்யோ, பதினாலாம் தேதியா? நாள் இல்லையே. கருவாட்டுப் பொடி இடிக்கணும், ஒங்க ஸ்வெட்டரு ஜிப்பு தைக்கக் குடுக்கணும்." கப்பல் பெட்டியில் இருந்த பாஸ்புக், ஆல்பம் எல்லாவற்றையும் எடுத்துப் பீரோ மேல் வைத்தாள். பாடிக்கொண்டே.

சாப்பாட்டுக்குச் சீலா மீன் குழம்பு. இந்த இரண்டு மாசத்தில் முதல் தடவை என் பக்கத்திலேயே உட்கார்ந்து பரிமாறினாள். "நீங்க இருங்க" இல்லை. தோளில் கை வைத்தாள். ஜெனி வந்து ஒட்டிக்கொண்டாள். எந்த ஊர் கப்பல்? பிரேசில் போகுமா? அங்கே என்ன வாங்கி வருவீங்க? எந்த நேரத்துக்கு ஃபோன் பண்ணுவீங்க? ஒரு மணி நேரம் பேசினாள். நானும் பேசினேன், தங்குதடை இல்லாமல். எனக்கே ஆச்சரியம்.

போகிறவனாக இருக்கும்போதுதான் இவர்களுக்கு என்னைத் தெரிகிறது. எனக்கும் அப்படித்தான் இவர்களைத் தெரிகிறது. தப்பு யார் மேலும் இல்லை. வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

நவ. 8, சனி

நல்ல வெயில். துணி காய்கிறது.

கா. 8.30. பி. மார்க்கெட்டில். ஜெனி டியூஷன். ரொமெல் பதில் வந்தது. கப்பல் கொழும்பில் நிற்கிறதாம்.

அந்த இரண்டு எழுத்து, கடையில் பார்வைக்கு வைக்கும் முறை. லைட் எரியும், விசிறி ஓடும், மணி அடிக்கும். சூடு மட்டும் வராது. ஓவனில் ஒரு கோளாறும் இல்லை. கதவைத் திறந்து வைத்து ரத்து பொத்தானை நாலு தடவை, தொடங்கு பொத்தானை நாலு தடவை அழுத்து அண்ணா, போய்விடும் என்று எந்தப் பொத்தான் எது என்று படம் போட்டு வட்டமிட்டு அனுப்பியிருந்தான்.

அழுத்தினேன். எழுத்து மறைந்தது.

பத்து நிமிஷத்தில் கையை உள்ளே வைக்க முடியவில்லை. மாதாவே. ஏழு வருஷத்தில் முதல் சூடு. தூசி கருகிய வாசனை. அந்த வாசனையில் நின்றுகொண்டு வாய்விட்டுச் சிரித்தேன். முட்டை ஆறு மிச்சம். முந்திரி இருக்கிறது. அண்ணாச்சி கேட்டது சாயங்காலத்துக்குள். ஏஜெண்டிடம் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. எல்லாவற்றுக்கும் நேரம் இருந்தது.

முட்டையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன். நேற்று ஜெனி கேட்டதெல்லாம் ஓடியது. எந்த நேரத்துக்கு ஃபோன் பண்ணுவீங்க?

முட்டையை வைத்தேன். கதவைத் திறந்து ரத்து நாலு, தொடங்கு நாலு. எழுத்து திரும்ப வந்தது. பிளக்கைப் பிடுங்கினேன். துணியைப் போட்டு மூடினேன்.

பி. வந்துவிட்டாள், இரண்டு கையிலும் பை. "என்னங்க இங்கன நிக்கீங்க? சூடு எடுத்துட்டா?"

"இல்ல."

"சரி விடுங்க. போயிட்டு வந்து பாத்துக்கிடலாம்" என்று பையை ஓவன் மேல் வைக்கப் போனாள். சட்டென்று வாங்கிக்கொண்டேன். ஓவன் சூடு ஆறும்வரை அதன் முன்னால் நின்று, நெத்திலி என்ன விலை, யாரைப் பார்த்தாய் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அவளும் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.