கீலுங்கில் உட்கார இடம்

அன்பு மகள் வெய்-சின்னுக்கு அம்மா எழுதுவது. கீலுங்கில் நானும் அப்பாவும் என் புது முழங்காலும் சௌக்கியம். வான்கூவரில் நீயும் மாப்பிள்ளையும் நல்ல சுகத்தோடு இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன், அப்படி இல்லையென்றால் மறைக்காமல் சொல். இங்கே கொஞ்ச நாளாக மழை விட்டிருக்கிறது, நம் ஊரில் அது எவ்வளவு பெரிய செய்தி என்று உனக்கே தெரியும், தெரு முழுக்க மெத்தையும் போர்வையும் மாடியில் காய்கிறது. அப்பா துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்றாரே தவிர வாய்க்கு ஓய்வு கொடுக்கவில்லை, தினம் காலையில் கோயில் வாசல் கடையில் நண்டு சூப் குடித்துவிட்டு வந்து பசியே இல்லை என்கிறார், பத்து மணிக்கு என்ன பலகாரம் என்று அவரே கேட்கிறார். சூப்பைக் குறைக்கச் சொல்லி டாக்டர் சொன்னதை நீயும் ஒருமுறை போனில் சொல், மகள் சொன்னால்தான் கேட்பார்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ என்னைக் கேட்டாய், "ஏம்மா, இந்தக் காலத்துல யாரும்மா தனியா வெப்சைட் கட்டிக்கிட்டு உக்காந்திருக்காங்க? மேப்ல போட்டா ஊரே பாக்குமே" என்று. அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். போனில் நான் ஒன்று சொல்ல வாயெடுப்பதற்குள் நீ மூன்று சொல்லிவிடுகிறாய், காகிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது, அதனால்தான் இது. முழங்கால் ஆபரேஷன் முடிந்தபோது நட நட என்று எல்லாரும் சொன்னார்கள், நடுவில் எங்கே உட்காருவது என்று ஒருவரும் சொல்லவில்லை. ஒருநாள் மீன் சந்தைக்குப் போகிற வழியில் விளக்குக் கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன், போகிறவர்கள் நான் குடித்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார்கள். அன்றிலிருந்துதான் என் கண்ணுக்கு இந்த ஊரில் உட்காரும் இடங்கள் மட்டும் தெரிய ஆரம்பித்தன, பெஞ்சு, தாழ்ந்த சுவர், கோயில் படி, மருந்துக் கடை வாசலில் கிடக்கிற பிளாஸ்டிக் நாற்காலி. ஒவ்வொன்றையும் படம் எடுத்து, நிழல் உண்டா, மழையில் நனையுமா, எழுந்திருக்கும்போது பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கிறதா என்று எழுதி, நீ எனக்குப் போனில் திறந்து கொடுத்த, ஊரே படம் போடுகிற அந்தப் பக்கத்தில் போட்டு வந்தேன். போட்டதெல்லாம் கிணற்றில் போட்ட கல். முடிதிருத்தும் கடை அ-சுன் ஒருநாள் வந்து ஆஸ்பத்திரிப் பக்கம் இருக்கிற பெஞ்சு எது, மாமியாருக்கு வேண்டும் என்றாள், தேடினேன் தேடினேன், யாரோ ஒருவருடைய பிறந்தநாள் கேக்கும் இளைக்க வைக்கிற டீயும்தான் வந்தன, பெஞ்சு வரவில்லை. அப்புறம் ஒருநாள் பக்கமே திறக்கவில்லை. ஓயாமல் பெஞ்சுப் படமாகப் போடுவதைப் பார்த்து நான் மனுஷி இல்லை, மெஷின் என்று முடிவு கட்டிவிட்டார்களாம், மனுஷிதான் என்று நிரூபிக்கச் சொன்னார்கள். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார், "மெஷினா இருந்தா முட்டிய மட்டும் மாத்தியிருப்பாங்களா, வாயையும் சேர்த்து மாத்தியிருப்பாங்க" என்றார்.

அந்தக் கோபத்தில்தான் நூலகத்தில் நடக்கிற வகுப்பில் போய்ச் சேர்ந்தேன். அங்கே சொல்லிக் கொடுக்கிற பெண் தயாராக இருக்கிற அழகான பக்கங்களைக் காட்டி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள் என்றாள், எனக்கு வெறும் பக்கம் போதும், முதலிலிருந்து நானே எழுதுகிறேன் என்றேன், அவளுக்குச் சந்தோஷம், நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். முதல் நாள் ஒரே ஒரு வரிதான் வந்தது, "கீலுங்கில் உட்கார இடம்". வீட்டில் அப்பாவிடம் காட்டினேன், இவ்வளவுதானா என்றார், ஆனால் மறுநாள் தன் பெயரும் அதில் வரவேண்டும் என்று பிடிவாதம். கீழே பார்த்திருப்பாயே, உட்கார்ந்து சோதித்தவர் ஜின்-ஷெங் என்று. உண்மையும் அதுதான், அவர் கனத்துக்கு ஆடாத பெஞ்சு யார் உட்கார்ந்தாலும் ஆடாது. பக்கத்தின் மஞ்சள் நிறம் கண்ணைக் குத்துகிறது என்றாய். எனக்கு மஞ்சள் பிடிக்கும், இந்தப் பக்கம் என் வீடு, அதன் சுவருக்கு நான் பூசின நிறம் அது, அங்கே யாரும் வந்து டீ விற்க முடியாது, என்னை மெஷின் என்று சொல்லிப் பூட்ட முடியாது. பக்கத்துக்கு இடம் கொடுத்திருக்கிற கம்பெனி நாளைக்குக் கடையைக் கட்டினாலும் எல்லாம் நம் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் இருக்கிறது, பாத்திரம் பண்டத்தைக் கட்டிக்கொண்டு வேறு வீடு போகிற மாதிரி போய்விடலாம். எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று அ-சுன் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். எனக்குத் தெரியாது, எண்ணுகிற பெட்டியை நான் வைக்கவேயில்லை.

இதெல்லாம் நான் முன்பே யோசித்து வைத்திருந்த காரணம். உண்மையான காரணம் போன மாதம்தான் எனக்கே தெரிந்தது, அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். யோவ் என்று ஒருவர் மின்னஞ்சல் எழுதினார், மேட்டுத் தெருவில் இருக்கிறாராம். மனைவி ஷியு-சின்னுக்குப் பக்கவாதம் வந்து ஒரு கால் இழுக்கிறது, பேச்சும் சரியாக வருவதில்லை, நடுத்தெருவில் விழுந்துவிடுவோம், நாலு பேர் பார்ப்பார்கள் என்ற பயத்தில் இரண்டு வருடமாக வாசல் தாண்டவில்லை. அவர் என் பக்கத்தை அச்செடுத்துக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒட்டி வைத்தாராம், ஒன்றும் சொல்லவில்லையாம், தினம் சாப்பிடும்போது அந்த அம்மாளே பார்த்திருக்கிறாள், ஒருநாள் விரலை வைத்து வீட்டிலிருந்து துறைமுகம் வரைக்கும் ஒவ்வொரு பெஞ்சாகத் தொட்டுக்கொண்டு போனாளாம். போகலாம் என்று அர்த்தம். எனக்குப் படிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது, உடனே என் போன் நம்பரை அனுப்பி, வழியில் எது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள் என்று எழுதினேன்.

அவர்கள் கிளம்பின அன்று காலையில் போன் வந்தது. "மேடம், பேங்க் வாசல்ல பெஞ்சு இருக்குன்னு போட்டிருக்கீங்க. இங்க இல்லையே. இவளால நிக்க முடியல." சாலை வேலைக்காரர்கள் அதைப் பெயர்த்துக்கொண்டு போயிருக்கிறார்கள், எனக்குத் தெரியாது. நல்லவேளை அ-சுன் கடை அதற்கு நேர் எதிரே, அவளைக் கூப்பிட்டு ஒரு நாற்காலி, சீக்கிரம் என்று மட்டும் சொன்னேன். அவள் கடையில் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு பெண் விஷயத்தைக் கேட்டதும் தன் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு தலை நிறையச் சாயத்தோடு தெருவைக் கடந்து ஓடியிருக்கிறாள், காரெல்லாம் நின்றுவிட்டதாம். நானும் அப்பாவும் போய்ச் சேர்ந்தபோது ஷியு-சின் நடைபாதை நடுவில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், அ-சுன் வெயில் படாமல் குடை பிடித்துக்கொண்டிருந்தாள். என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. என்னை நம்பித்தானே இறங்கி வந்தாள், அவள் எதற்குப் பயந்தாளோ அது நடக்க இருந்ததே. மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன், யோவ் குனிந்து மனைவியின் செருப்பைச் சரிசெய்தார். அ-சுன்தான், "அத எடுத்துட்டுப் போய் ஒரு வாரம் ஆச்சு. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல" என்றாள்.

வெய்-சின், மேப்பில் போட்டிருந்தால் நான் யாரிடமோ புகார் கொடுத்துவிட்டுக் காத்திருந்திருப்பேன், தப்பு யாருடையதோ என்று மனசும் லேசாகியிருக்கும். இது என் வீடு, வாசலில் என் பெயர் இருக்கிறது, தப்பும் என்னுடையது, திருத்துவதும் என் கையில்தான். அ-சுன் கடைக் கம்ப்யூட்டர் முன்னாலேயே உட்கார்ந்து அந்த பெஞ்சை எடுத்துவிட்டு, எதிரே இருக்கிற முடிதிருத்தும் கடையில் கேட்டால் நாற்காலி தருவார்கள் என்று எழுதினேன். "நான் முடி வெட்டவா, ஊர்ல இருக்கிறவங்கள உக்கார வைக்கவா" என்று அ-சுன் முணுமுணுத்தாள், உடனே கடைப் பெயரைக் கொஞ்சம் பெரிதாகப் போடு என்றாள். சாயம் பூசின பெண் இதற்குள் கண்ணாடியைப் பார்த்து அலறி, தலையைக் கழுவ ஓடினாள், நினைத்ததைவிட நல்ல சிவப்பாக வந்துவிட்டது. ஷியு-சின்னை உள்ளே கூட்டி வந்து என் பக்கத்தில் உட்கார வைத்திருந்தோம், நான் தட்டுவதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் வாயைக் கூட்டிக் கூட்டி, கடைசியில், "படம்... கோணல்" என்றாள். கோயில் படிப் படம், உண்மையிலேயே கோணல்தான். அவள் புருஷனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அப்புறம் எல்லாருக்கும்.

அங்கிருந்து நாங்களும் கூடவே நடந்தோம், அப்பா முன்னால் போய் ஒவ்வொரு பெஞ்சிலும் உட்கார்ந்து பார்த்து, இருக்கிறது இருக்கிறது என்று கை காட்டிக்கொண்டே போனார். துறைமுகப் படிக்கட்டில் அந்த அம்மாள் உட்கார்ந்ததும் ஒரு பெரிய வெள்ளைக் கப்பல் திரும்பிக்கொண்டிருந்தது, திரும்பி முடிகிற வரைக்கும் எல்லாரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் களைத்துப் போயிருப்பாள் என்று யோவ் எழுந்து டாக்ஸி பார்க்கப் போனார். அவள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள். "அடுத்தது எங்க?" என்றாள். இந்த முறை வார்த்தை தடுக்கவேயில்லை.

உனக்கு இப்போது காரணம் புரிந்திருக்கும், புரியாவிட்டாலும் பரவாயில்லை, மஞ்சள் மஞ்சளாகத்தான் இருக்கும். நீ ஆபீசில் பகலெல்லாம் ஊருக்குப் பக்கம் கட்டிக் கொடுக்கிறாய், உனக்கென்று ஒன்று கட்டிக்கொள். ஞாயிற்றுக்கிழமை நீ ரொட்டி சுடுவதாக மாப்பிள்ளை சொன்னார், கருகினதையும் சேர்த்துப் போடு, அஞ்சு பேர் வந்தால் போதும், யாருக்கு எது எப்போது உதவும் என்று நமக்கு எப்படித் தெரியும். தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வெளியே போகாதே, அங்கே காற்று வேறு மாதிரி. இருவரும் நோய் நொடி இல்லாமல் ஒருவர்மேல் ஒருவர் பிரியமாக நீண்ட காலம் வாழ வேண்டும், கோயிலில் உங்கள் பெயரைச் சொல்லி ஊதுபத்தி ஏற்றியிருக்கிறேன். அப்பாவுக்குச் சூப் விஷயம் சொல்ல மறக்காதே.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா பெய்-ஃபாங்